பிள்ளைகளும் போதையும்: பெற்றோர் அறிய வேண்டிய பாடம்



பிள்ளை காய்ச்சலில் படுத்தால் நாம் இரவெல்லாம் விழித்திருக்கிறோம். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் டியூஷன் வாத்தியாரைத் தேடி ஓடுகிறோம். ஆனால் பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு மாவாப் பொட்டலம் அகப்பட்டால் என்ன செய்கிறோம்? அநேக வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, அடி விழுகிறது. இல்லாவிட்டால், தகப்பனாருக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகி விடுமே என்று பயந்து தாய் அதை முந்தானையில் முடிந்து மறைத்து விடுகிறாள். அடியினாலும் இப்பழக்கம் தீர்வதில்லை, மறைப்பதினாலும் தீர்வதில்லை. ஆகையால் இவ்வாரப் பாடத்தில் மூன்று காரியங்களை ஆராய்வோம். பிள்ளைகள் போதையில் விழுவது ஏன்? அதை நாம் கண்டுகொள்வது எப்படி? கண்டபின் பேசுவதும் உதவி தேடுவதும் எவ்வாறு?

1. போதைப் பொருள் என்பது எது?

மூளையின் வேலையை மாற்றி, சிறிது நேரம் இன்பமோ மயக்கமோ தைரியமோ கொடுத்து, பின்பு மறுபடியும் தன்னைத் தேடச் செய்யும் எந்தப் பொருளும் போதைப் பொருளே. கஞ்சாவும் ஊசியும் மட்டுமே போதை என்று எண்ணுவது தவறு. சாராயம், பீர், சிகரெட், ஹான்ஸ், மாவா, உதட்டுக்குள் அடக்கி வைக்கும் கூல் லிப், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், எழுத்தை அழிக்கும் வொயிட்னர், பெயிண்டில் கலக்கும் தின்னர், வைத்தியர் சீட்டின்றி வாங்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை ஆகிய யாவும் இதில் அடங்கும்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-ல் தேசம் முழுவதற்குமான ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. முகர்ந்து ஏற்றும் போதையைப் பற்றி அதிலே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரியவர்களில் நூற்றுக்கு 0.58 பேர் இதை உபயோகிக்க, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிலோ நூற்றுக்கு 1.17 பேர் உபயோகிக்கிறார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகப் பரவியிருக்கும் போதை இது ஒன்றே. தேசத்தில் ஏறக்குறைய 4 லட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகளுக்கு இதிலிருந்து விடுபட உதவி தேவை என்றும் அந்தக் கணக்கு கூறுகிறது. காரணம் எளிது. மற்றப் போதைக்குப் பணம் வேண்டும், விற்பவனைத் தேட வேண்டும். இதுவோ சைக்கிள் கடையிலும் புத்தகக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைத்து வந்தது. புட்டியில் அடைத்த வொயிட்னரையும் தின்னரையும் சில்லறையில் விற்க மத்திய அரசு 2012-ல் தடை விதித்ததும் இதனால்தான். முதல் முறை முகர்ந்தவுடனேயே இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோன பிள்ளைகளும் உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

புகையிலையும் இவ்வாறே. 2019-ல் எடுத்த தேசிய ஆய்வில், 13 முதல் 15 வயது மாணவரில் நூற்றுக்கு 8.5 பேர் ஏதாவதொரு வகையில் புகையிலை உபயோகிப்பதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலாவுக்கு 2013-ல் தடை வந்தது. எனினும் 2024 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவியிருப்பதைக் குறித்து வருத்தம் தெரிவிக்கும்படி ஆயிற்று. "புகையிலைதானே, கஞ்சா இல்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் பெற்றோர் யோசிக்கட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் படி அதுவே.

2. வளரும் வயதில் ஆபத்து ஏன் அதிகம்?

மனிதனுடைய மூளை ஒரே நாளில் முதிர்வதில்லை. இன்பத்தையும் பரபரப்பையும் நாடும் பாகம் முந்தி வளர்கிறது. பின்விளைவை எண்ணிப் பார்த்து "வேண்டாம்" என்று நிறுத்தும் முன்மூளையோ ஏறக்குறைய 25 வயது வரையில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. லாரியில் எஞ்சின் பலமாயிருந்து பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்காத நிலைமை என்று இதைச் சொல்லலாம். அந்த லாரியைச் சரக்கேற்றி மேம்பாலத்தில் விட்டால் என்னவாகும் என்பதை நமது ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை.

இளவயது மூளை எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பாட்டையும் பாஷையையும் கற்றுக்கொள்ளும் அதே வேகத்தில் போதையையும் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையானதாகக் கண்டார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களிலோ நூற்றுக்குச் சுமார் 10 பேரே அவ்வாறு ஆனார்கள். இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. பிள்ளை முதல் முறை தொடும் வயதை எத்தனை வருஷம் தள்ளிப் போடுகிறோமோ, அத்தனைக்கு அவனைக் காப்பாற்றுகிறோம். கலியாண வீட்டிலும் கிறிஸ்மஸ் விருந்திலும் "ஒரு மடக்கு குடித்தால் குடி முழுகியா போய்விடும்?" என்று மாமனும் சித்தப்பனும் நீட்டும் கிளாஸ் விளையாட்டல்ல.

3. காரணங்கள்

ஒரே தெருவில் வளரும் இரு பையன்களில் ஒருவன் விழுகிறான், மற்றவன் தப்புகிறான். ஒற்றைக் காரணம் சொல்லி இதை விளக்க முடியாது. பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்போது சுமை தாங்காமல் போகிறது. அவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பிறப்பிலே வருவது. தகப்பனோ பாட்டனோ குடிக்கு அடிமையாயிருந்தால் பிள்ளைக்கும் அந்த நாட்டம் எளிதில் வரலாம். இது விதியல்ல, சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் இனிப்பைக் குறைப்பதுபோல் முன்ஜாக்கிரதை வேண்டும் என்பதே பொருள்.

இரண்டாவது, மனதில் உள்ளது. கவலை, துக்கம், வீட்டில் கண்ட அடிதடி, சிறு வயதில் யாராவது செய்த தீங்கு, படிப்பு ஏறாத அவமானம், ஓரிடத்தில் உட்கார முடியாத துடிப்பு ஆகியவற்றை மறக்கப் பிள்ளை போதையை நாடுவதுண்டு. இங்கே போதை அவனே தனக்குச் செய்துகொள்ளும் வைத்தியமாகிறது. உள்ளே இருக்கும் நோயை விட்டுவிட்டுப் போதையை மட்டும் பிடுங்கினால் அவன் வேறொன்றைத் தேடுவான்.

மூன்றாவது, வீடு. மணலியின் ஆலைகளிலும், எண்ணூர்த் துறைமுகத்திலும், கன்டெய்னர் யார்டுகளிலும் ஷிப்டு முறையில் உழைக்கும் குடும்பங்கள் நம்மில் அநேகம். தகப்பனார் இரவு ஷிப்டு முடிந்து தூங்கும் வேளையில் பிள்ளை பள்ளிக்குப் போகிறான்; பிள்ளை வரும் வேளையில் அவர் வேலைக்குக் கிளம்புகிறார். தாயும் வேலைக்குப் போனால் சாயங்காலம் நாலு மணி முதல் எட்டு மணி வரையில் வீட்டில் கேட்பார் இல்லை. உழைக்கும் பெற்றோர் மேல் இதனால் குற்றம் இல்லை. ஆனால் அந்த நாலு மணி நேரத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதைக் கவனியாமலிருந்தால் அது குறைவே.

நான்காவது, தோழர். இந்த வயதில் பெற்றோர் சொல்லைவிடத் தோழன் சிரிப்புக்கு மதிப்பு அதிகம். முதல் சிகரெட்டை நீட்டுகிறவன் பெரும்பாலும் அறியாத வியாபாரி அல்ல. பக்கத்து பெஞ்சில் உட்காரும் சிநேகிதனே.

ஐந்தாவது, ஊர். எளிதில் கிடைப்பது எதுவோ அது எளிதில் பழகும். வேலை நிச்சயமில்லாமை, விளையாட இடமில்லாமை, வெள்ளத்தில் வீட்டுச் சாமானும் புத்தகமும் போவது ஆகியவையும் பிள்ளைகள் மனதைத் தளர்த்துகின்றன. 2015, 2021, 2023 ஆகிய வருஷங்களில் மணலி புதுநகரில் தண்ணீர் புகுந்ததை நாம் அறிவோம். தண்ணீர் வடிந்தபின் சுவரைக் கழுவினோம். பிள்ளைகளின் பயத்தை விசாரித்தோமா?

நிற்க, ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் இருப்பதுபோல் அதைத் தடுக்கும் காரணங்களும் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமாவது பயமின்றிப் பேசும் உறவு, நாள்தோறும் ஒரு வேளையாவது சேர்ந்துண்ணும் வழக்கம், மாறாத சில வீட்டு விதிகள், பிள்ளையின் பேர் தெரிந்து அக்கறை காட்டும் ஓர் ஆசிரியர், ஏதாவதொரு விளையாட்டிலோ கலையிலோ கிடைக்கும் வெற்றி ஆகியவை கரையைக் காக்கும் கற்களைப்போல் நிற்கின்றன. எல்லா ஆபத்தையும் நம்மால் அகற்ற முடியாது. ஆனால் இந்தக் கற்களை அடுக்குவது நம் கையில் இருக்கிறது.

4. ஒரு துறைமுகத் தொழிலாளியின் சரித்திரம்

அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் 1856-ல் மேட் டால்பட் என்பவர் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுள்ள ஏழைக் குடும்பம். தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்தார், பெருங்குடியர். மேட் பள்ளியைச் சரியாக முடிக்கவில்லை. 12 வயதில், மதுவைப் புட்டியில் அடைக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்கு விட்டார்கள். சீக்கிரத்திலேயே குடித்துவிட்டு வீட்டுக்கு வரத் தொடங்கினார். தகப்பனார் அடித்தார், வேலையை மாற்றி, துறைமுகத்தில் தம் பார்வையிலேயே வைத்துக்கொண்டார். ஆனால் அங்கே விஸ்கிக் கிடங்கில் வேலை! பழக்கம் இன்னும் முற்றியது. கூலி முழுவதும் கடைக்கே போயிற்று. குடிக்கக் காசில்லாமல் காலணியை விற்றார். தெருவில் வாசித்துப் பிழைத்த ஒருவருடைய பிடிலையும் திருடி விற்றார்.

மேலே சொன்ன காரணங்களை இவர் சரித்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்பு, வீடு, தோழர், வேலையிடம் ஆகிய யாவும் அங்கே இருக்கின்றன. அடி விழுந்தது, பிரயோசனப்படவில்லை.

28-ஆம் வயதில், 1884-ல், கையில் காசில்லாமல் சாராயக் கடை வாசலில் நின்றார். தம் காசில் பலமுறை குடித்த சிநேகிதர் ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனார். குடியை விடப் பிரமாணம் செய்யப் போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற மனமிருந்தால் மாத்திரம் செய் என்றாள் தாய். முதலில் மூன்று மாதத்துக்குப் பிரமாணம். பிறகு ஆறு மாதம். பிறகு ஆயுள் முழுவதும். கையில் காசு வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதில்லை என்று ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். குடித்துக் கழித்த சாயங்கால நேரங்களைக் கோயிலிலும் வாசிப்பிலும் கழித்தார். பழைய கடன்களைத் தீர்த்தார். மரக்கிடங்கில் கூலியாளாகவே உழைத்து, 1925-ல், பூசைக்குப் போகும் வழியில் தெருவிலே விழுந்து மரித்தார். திருச்சபை 1975-ல் இவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

நாம் கவனிக்க வேண்டியது, ஆயுள் முழுவதுக்குமான பிரமாணத்தை அவர் முதல் நாளே செய்யவில்லை என்பது. கொஞ்ச காலத்துக்கு வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றி, பின்பு நீட்டினார். அபாயமான இடத்தையும் அபாயமான காசையும் விலக்கினார். காலியான நேரத்தை வேறொன்றால் நிரப்பினார். இன்றைய ஆலோசகர்கள் சொல்லிக்கொடுப்பதும் இம்முறையே.

5. அடையாளங்கள்

பணமோ சாமானோ அடிக்கடி காணாமற் போதல், பழைய தோழரைத் திடீரென விட்டுப் புதியவரோடு சேர்தல், பள்ளிக்கு மட்டம் போடுதல், இரவில் தூங்காமல் பகலில் தூங்குதல், கண் சிவத்தல், மூக்கைச் சுற்றிப் புண்ணும், சட்டையில் பெயிண்ட் அல்லது சொல்யூஷன் வாசனையும், வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைத்தல், காரணமற்ற கோபம், முன்பு விரும்பிய விளையாட்டில் சலிப்பு. இவற்றில் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டக்கூடாது. வளரும் பிள்ளைக்குக் கோபமும் தனிமையும் சகஜம். பல அடையாளங்கள் சேர்ந்து, பல வாரம் நீடித்தால் விசாரிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இப்பழக்கம் வராது என்று எண்ணி விடுவதும் தவறு. மேலே சொன்ன புகையிலை ஆய்வில் பையன்கள் நூற்றுக்கு 9.6 பேர் என்றால், பெண் பிள்ளைகள் நூற்றுக்கு 7.4 பேர்.

6. எப்படிப் பேசுவது?

பிள்ளையின் பையில் சிகரெட் பெட்டி அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தகப்பனார் இப்படிப் பேசுகிறார்:

"எவன்டா உனக்கு இதைக் கத்துக் கொடுத்தது? குடும்ப மானத்தை வாங்கிட்டியே! இனிமே இந்த வாசப்படி ஏறாதே!"

பையன் தலை குனிந்து நிற்கிறான். அன்று அவன் கற்றுக்கொள்வது ஒன்றே: அடுத்த முறை நன்றாக ஒளித்து வைக்க வேண்டும்.

வேறொரு தகப்பனார், கோபம் தணியும்வரை பொறுத்திருந்து, மறுநாள் தனியே அழைத்து உட்கார வைக்கிறார்:

"தம்பி, உன் பையில இதைப் பார்த்தேன். கோபம் வந்தது உண்மை. அதைவிடப் பயம்தான் அதிகம். அடிக்க மாட்டேன். நடந்ததைச் சொல்லு."

"சும்மா ரெண்டு மூணு தடவைதாம்பா."

"சரி. எப்போ, யாரோட இருக்கும்போது?"

"டியூஷன் விட்டு வரும்போது. பசங்க எல்லாரும் பிடிக்கிறாங்க. நான் வேணாம்னா கிண்டல் பண்றாங்க."

"பிடிச்சதால உனக்குக் கிடைச்சது என்ன? போனது என்ன?"

"கிண்டல் இல்ல. ஆனா கிரவுண்டுல ஓட முடியல, மூச்சு வாங்குது. பி.டி. மாஸ்டர் டீம்ல இருந்து எடுத்துட்டாரு."

"டீம்ல மறுபடி சேரணும்னு இருக்கா?"

"இருக்குப்பா."

இரண்டாவது தகப்பனார் பிரசங்கம் செய்யவில்லை. கேள்வி கேட்டார், பிள்ளையின் வாயிலிருந்தே காரணம் வந்தது. அடுத்தவர் சொல்லும் காரணத்தைப் பிள்ளை மறுத்துப் பேசுவான். தானே சொன்ன காரணத்தை மறுப்பது கடினம். அமெரிக்க மனநூல் அறிஞர் வில்லியம் மில்லர் 1983-ல் விளக்கி, இன்று உலகமெங்கும் ஆலோசகர்கள் கையாளும் முறைக்கு இதுவே அடிப்படை. அர்ச். தொன் போஸ்கோவும் தூரின் நகரத்து வேலைக்காரப் பையன்களிடம் தண்டனையைவிட நியாயம், பக்தி, அன்பு ஆகிய மூன்றையே நம்பினார். பெற்றோர் நினைவில் வைக்க வேண்டிய விதிகள் இவை:

(அ) பிள்ளை போதையிலிருக்கும்போதும், நீங்கள் கோபத்திலிருக்கும்போதும் பேசாதிருங்கள்.

(ஆ) "நீ கெட்டவன்" என்னாதிருங்கள். "இந்தச் செயல் எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்லுங்கள்.

(இ) தங்கை முன்பும் அக்கம்பக்கத்தார் முன்பும் அவமானப்படுத்தாதிருங்கள்.

(ஈ) அன்போடு வரம்பும் வேண்டும். எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், கைச்செலவு எவ்வளவு என்பதைத் தீர்மானித்து, தாயும் தகப்பனும் ஒரே வார்த்தையாய் நில்லுங்கள். தகப்பன் மறுத்ததைத் தாய் இரகசியமாய்க் கொடுத்தால் எல்லாம் வீண்.

(உ) அவன் செய்த கடனை நீங்கள் ஓசையின்றித் தீர்க்க வேண்டாம். பள்ளிக்குப் பொய்க் காரணம் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

சுவிசேஷத்தில் வரும் ஊதாரிப் பிள்ளையின் தந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். தூரதேசத்தில் இருந்த மகனுக்கு அவர் பணம் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் மகன் திரும்பி வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7. உதவி தேடுதல்

பழக்கம் முற்றிய பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு மட்டும் போதாது. அடிமைத்தனம் ஒரு நோய் என்பதையும், அதற்கு வைத்தியமும் ஆலோசனையும் உண்டு என்பதையும் நமது சென்னைப் பட்டணத்திலேயே ஒரு ஸ்திரீ செய்து காட்டினார். சாந்தி ரங்கநாதன் அம்மையாருடைய கணவர் குடியினால் 1979-ல் இளவயதிலேயே காலமானார். அம்மையார் துக்கத்தில் ஒதுங்கிவிடாமல், 1980-ல் கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று அடையாறு இந்திரா நகரில் நடப்பது அதுவே. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நோயாளிக்கு மட்டுமன்றி, அவரோடு துன்பப்பட்ட மனைவி மக்களுக்கும் ஆலோசனை தேவை என்பதை அம்மருத்துவமனை ஒரு முறையாகவே கொண்டது. பிள்ளைகளின் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். பிள்ளை மாறித் திரும்பும் வீடு பழைய வீடாகவே இருந்தால் மாற்றம் நிலைக்காது.

நமக்குக் கிட்டத்தில், இராயபுரம் பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை உண்டு. 2025-ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரால் 25 போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. தொலைபேசியில் ஆலோசனை கேட்க, போதை மீட்புக்கு 14446; மனநல ஆலோசனைக்கு 14416; பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பேர் சொல்லப் பயப்படுகிறவர்களும் தயங்காமல் கூப்பிடலாம்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். வெகுநாள் குடித்தவனையும், தூக்க மாத்திரைக்கு அடிமையானவனையும் அறையில் பூட்டித் திடீரென நிறுத்தச் செய்யாதிருங்கள். வலிப்பு வந்து உயிருக்கே மோசமாகலாம். வைத்தியர் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்த வேண்டும். இரண்டாவது, பிள்ளை மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். திட்டு வாங்குவோமே என்று தோழர்கள் ஓடிப்போகாதபடி அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மூன்றாவது, "மறுவாழ்வு இல்லம்" என்று பலகை போட்டிருப்பவை எல்லாம் நம்பத்தக்கவை அல்ல. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது. வீட்டார் ஒருவரோ, அவர் நியமித்த ஒருவரோ கூட இருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. அடித்துத் திருத்துவோம் என்கிற இடத்தில் பிள்ளையை விடாதிருங்கள்.

8. வினாவும் விடையும்

வினா: போலீஸுக்குத் தெரிந்தால் பிள்ளையின் எதிர்காலம் கெட்டுப்போகுமே?

விடை: வைத்தியரிடம் கொண்டுபோவது போலீஸிடம் கொண்டுபோவதாகாது. சிறு அளவு வைத்திருந்து அகப்பட்டவர்கூட, தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்திலேயே இடமுண்டு. பிள்ளைக்குப் போதை கொடுக்கிறவனையோ சட்டம் விடுவதில்லை. மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தாலும், பிள்ளையைக் கொண்டு விற்கச் செய்தாலும், 2015-ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி 7 வருஷம் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதும் 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்.

வினா: கோயிலில் பிரமாணம் செய்துவிட்டால் போதாதா?

விடை: பிரமாணம் நல்லது, பாவசங்கீர்த்தனமும் மனதின் பாரத்தை இறக்கும். ஆனால் கால் முறிந்தவனுக்கு வேண்டுதலும் செய்கிறோம், கட்டும் போடுகிறோம். இதிலும் அப்படியே.

வினா: விட்டபின் மறுபடியும் தொட்டுவிட்டானே, இனி நம்பிக்கை உண்டா?

விடை: உண்டு. மறுபடியும் விழுவது இந்நோயில் அநேகருக்கு நேரிடுகிறது. எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் விழுந்தான் என்று கேட்டறிந்து, அடுத்த முறை அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று யோசிக்க வேண்டும். ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வினா: தகப்பனே குடிக்கிறபோது பிள்ளைக்கு எப்படிப் புத்தி சொல்வது?

விடை: இக்கேள்வியைத் தாய்மார் கேட்கிறார்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள் தகப்பன்மார். கடைக்குப் பிள்ளையை அனுப்புவதையும், பிள்ளை முன் குடிப்பதையும் இன்றே நிறுத்துங்கள். "எனக்கும் இது விட முடியாத கஷ்டமாயிருக்கிறது, நானும் உதவி கேட்கப் போகிறேன்" என்று ஒரு தகப்பன் சொன்னால் அவன் மதிப்புக் குறையாது. பிள்ளைக்கு அதைவிடப் பெரிய புத்திமதி கிடையாது.

9. ஊராகச் செய்யக்கூடியது

ஐஸ்லாந்து தேசத்தில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், முந்தின ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்ததாகச் சொன்னார்கள். 2016-ல் அது நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது. அந்தத் தேசத்தார் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பிரசங்கங்களை நம்பவில்லை. இரவு நேரத்தில் பிள்ளைகள் வெளியே திரிவதைக் கட்டுப்படுத்தினார்கள். பெற்றோர் தங்களுக்குள் சங்கமாகக் கூடி ஒரே விதியைக் கைக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் விளையாட்டும் சங்கீதமும் கிடைக்கும்படி செய்தார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிட்டார்கள்.

நம்மிடம் அந்தத் தேசத்துப் பணம் இல்லை. ஆனால் வடசென்னைக்குக் கால்பந்தும், குத்துச்சண்டையும், கேரமும் பரம்பரைச் சொத்து. வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருடைய மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்றதை எல்லாரும் அறிவோம். தகப்பனாரே பழக்கினார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கேரம் போர்டும், ஒரு விளக்கும், கூட இருக்க ஒரு பெரியவரும் கிடைத்தால், சாயங்காலம் நாலு முதல் எட்டு வரையிலான அந்த நேரத்தை நம் தெருவிலேயே நிரப்பலாம். ஷிப்டு மாறி வருகிற தகப்பன்மார் ஏழு பேர் வாரத்தில் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொண்டால் போதும்.

10. இவ்வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

ஒன்று: வீட்டிலுள்ள வலி மாத்திரை, தூக்க மாத்திரை, தின்னர், சொல்யூஷன் எங்கே இருக்கின்றன என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு: உங்கள் பிள்ளையின் மூன்று தோழர்களுடைய பேரையும், அவர்கள் பெற்றோர் பேரையும் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் காப்பிக்கு அழையுங்கள்.

மூன்று: கைபேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, ஒரு வேளைச் சாப்பாடாவது குடும்பமாகச் சாப்பிடுங்கள். அப்போது மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான்கு: ஏற்கெனவே சந்தேகம் உள்ளவர்கள் இன்னொரு மாதம் பார்ப்போம் என்று தள்ளிப் போடாமல், மேலே சொன்ன இலக்கங்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள், அல்லது ஸ்டான்லிக்குப் போய் வாருங்கள். தனியே போகக் கூச்சமானால், நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அப்படி உங்களை ஒருவர் துணைக்கு அழைத்தால், வேலையை ஒரு நாள் விட்டாவது கூடப் போங்கள். போய் வந்த சங்கதியை எவரிடமும் சொல்லாதிருங்கள்.